மெட்ரோ கிடைக்காத ஊர்களுக்கு என்ன வழி? கோவை, மதுரையில் பேசப்பட வேண்டிய 'டிஓடி' என்றால் என்ன?

கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து 'மெட்ரோ வருமா, வராதா' என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. ஆனால் இந்த இரண்டு ஊர்களிலும் நாலா பக்கமும் ரயில் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நம்பி ஏறும்படியான ரயில்தான் அதில் குறைவு.

இருக்கும் தண்டவாளத்தைப் பயன்படுத்த முடியாதா? ஸ்டேஷனைச் சுற்றியே வீடும் வேலையும் அமைந்தால் என்ன ஆகும்? மெட்ரோவுக்குத் தகுதி பெறாத நடுத்தர நகரங்கள் வேறு நாடுகளில் என்ன செய்தன? விரிவாகப் பார்க்கலாம்.

மெட்ரோ திட்டம் ஏன் திரும்பி வந்தது?

இதற்கு அடிப்படை, 2017-இல் மத்திய அரசு கொண்டு வந்த மெட்ரோ ரயில் கொள்கை. 20 லட்சம் மக்கள்தொகை உள்ள நகரங்களே மெட்ரோவைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது அந்தக் கொள்கை. கணக்குக்கு எடுத்துக்கொள்வது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

கோவை மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 15.8 லட்சம் பேர்தான் என்கிறது மத்திய அரசு. ஆனால் அதே 2011 கணக்கெடுப்பில், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த 'கோவை நகரத் திரள்' 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து கோவை தகுதி பெறும், அல்லது பெறாது. மதுரையின் நிலைமை வேறு. சுற்றுப்புறத்தைச் சேர்த்தாலும் 2011-இல் சுமார் 14.6 லட்சம்தான்.

ஆக்ரா, போபால் போன்ற ஊர்களும் 2011 கணக்குப்படி 20 லட்சத்தைத் தொடவில்லை. அவற்றுக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது என்று தமிழ்நாடு அரசு கேட்கிறது. கோவைக்குக் கணித்த பயணிகள் எண்ணிக்கை சென்னை மெட்ரோவோடு ஒப்பிடும்போது நம்பும்படி இல்லை, மதுரைக்கு பிஆர்டிஎஸ் எனப்படும் தனிப்பாதைப் பேருந்தே போதும் என்பது மத்திய அரசின் வாதம்.

செலவையும் பார்க்க வேண்டும். கோவைக்கு 39 கி.மீ தூரத்துக்குச் சுமார் 10,740 கோடி ரூபாய். மதுரைக்கு 32 கி.மீ தூரத்துக்குச் சுமார் 11,340 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்குக் கோவையில் சுமார் 275 கோடி, மதுரையில் சுமார் 354 கோடி. மதுரையில் ஒரு பகுதி சுரங்கப்பாதை என்பதால் செலவு கூடுகிறது. இந்தத் தொகையை ஒரு மாநிலம் தனியாகச் சுமப்பது கடினம். மத்திய அரசின் பங்கும், அதன் ஒப்புதலோடு கிடைக்கும் வெளிநாட்டு வங்கிக் கடனும் தேவை. அதனால்தான் டெல்லியின் கையெழுத்து இவ்வளவு முக்கியமாகிறது.

சரி, அதென்ன 'டிஓடி'?

'டிரான்ஸிட் ஓரியன்டட் டெவலப்மென்ட்' என்பதன் சுருக்கம்தான் டிஓடி. பொதுப் போக்குவரத்தை மையமாக வைத்து ஊரை வளர்ப்பது என்று சொல்லலாம். அமெரிக்க நகரத் திட்டமிடல் வல்லுநர் பீட்டர் கால்தோர்ப் 1993-இல் வெளியிட்ட நூல் வழியாக இந்தச் சொல் பரவியது. இந்தியாவில் இதற்கென ஒரு தேசியக் கொள்கை 2017-இல் வந்தது.

விஷயம் எளிமையானதுதான். ஒரு ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடை தூரத்துக்குள், வீடு, கடை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் நெருக்கமாக அமைய வேண்டும். அதற்கு நாலு விஷயம் தேவை:

• உயரமாகக் கட்ட அனுமதி: இதைத் தீர்மானிப்பது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப் பரப்புக் குறியீடு. ஐந்தரை சென்ட், அதாவது சுமார் 2,400 சதுர அடி மனையில் குறியீடு 2 என்றால் மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டடங்களுக்கு 2019 விதிகளின்படி இதுதான் அளவு. அகமதாபாத்தில் மெட்ரோ, பிஆர்டிஎஸ் பாதையிலிருந்து 200 மீட்டருக்குள் 4 வரை அனுமதி உண்டு.

• கலந்த பயன்பாடு: கீழே கடை, மேலே வீடு, பக்கத்தில் ஆபீஸ். இது நம்ம ஊர் கடைவீதிகளுக்குப் புதிதல்ல. புதிய லேஅவுட்டுகளில்தான் காணாமல் போனது.

• நடக்க நல்ல பாதை: பிளாட்ஃபாரம், தெருவிளக்கு, சாலையைக் கடக்க வசதி. இது இல்லாவிட்டால் 500 மீட்டர்கூட ஆட்டோ தூரம்தான்.

• குறைந்த பார்க்கிங்: ஸ்டேஷன் வாசலில் இருக்கும் விலை உயர்ந்த நிலத்தை வண்டி நிறுத்தவே ஒதுக்கிவிட்டால், வீட்டுக்கும் கடைக்கும் இடமிருக்காது.

இன்னொரு கணக்கும் இதில் உண்டு. ஸ்டேஷன் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அரசு வசூலித்து ரயிலுக்கே செலவிடலாம். ஹாங்காங் மெட்ரோ நிறுவனம் ஸ்டேஷன்களின் மேலும் அருகிலும் கட்டடங்களை எழுப்பி வருமானம் ஈட்டுவது இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். மெட்ரோ அனுமதி கேட்டு வரும் மாநிலங்கள் இப்படி நில மதிப்பிலிருந்து நிதி திரட்டுவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2017 கொள்கையே சொல்கிறது.

சென்னையில் நடந்தது என்ன?

ஸ்டேஷன் கட்டிவிட்டால் ஊர் தானாக வளராது என்பதற்குச் சென்னை பறக்கும் ரயில் ஓர் உதாரணம். கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை 1995-இல் தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை எட்டியது. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நினைத்துப் பிரம்மாண்டமான ஸ்டேஷன் கட்டடங்கள் எழுந்தன. பல இடங்களில் அந்தத் தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. பஸ் ஸ்டாப்போடு சரியான இணைப்பு இல்லை, இரவில் நடந்துபோகப் பயம் என்பது பயணிகளின் நீண்ட காலப் புகார்.

இன்னொன்று கிளாம்பாக்கம். புறநகர் ரயில் பாதையை ஒட்டியே இருக்கும் இடம் அது. ஆனால் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள், மறுபடியும் மாநகரப் பேருந்து பிடித்துத்தான் ரயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

நடுத்தர நகரங்களிலும் பேருந்து நிலையங்கள் ஊருக்கு வெளியே நகர்ந்துகொண்டிருக்கின்றன. மதுரையில் மாட்டுத்தாவணி, திருச்சியில் 2025-இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர். ரயில் ஒரு பக்கம், பஸ் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டால், நடுவில் உள்ள தூரத்தைப் பயணிதான் கைக்காசு போட்டுக் கடக்க வேண்டும்.

கோவையின் கையில் என்ன இருக்கிறது?

கோவை ரயில் பாதையின் அமைப்பே கொஞ்சம் விசித்திரமானது. ஈரோடு பக்கமிருந்து வரும் பாதை இருகூரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகப் போத்தனூருக்குப் போகிறது. மற்றொன்று சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை, கோவை ஜங்ஷன் என்று ஊருக்குள் சுற்றிவிட்டு அதே போத்தனூருக்கு வருகிறது. ஆக, நகரத்தைச் சுற்றி ஒரு முழு வளையம் தயாராக இருக்கிறது.

அதிலிருந்து கிளைகளும் உண்டு. வடகோவையிலிருந்து துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம். போத்தனூரிலிருந்து ஒரு பக்கம் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, மறுபக்கம் பாலக்காடு. கிழக்கே திருப்பூர். மில், பவுண்டரி, பம்ப் கம்பெனி, கல்லூரி என்று கோவைக்குத் தினமும் ஆட்கள் வரும் திசைகளில் பல இவை.

ஆனால் மேட்டுப்பாளையம் பாதையில் ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பீளமேட்டையும் சிங்காநல்லூரையும் பல எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காமல் கடந்துவிடுகின்றன. அதே பீளமேடு வழியாகப் போகும் அவிநாசி சாலையில்தான் 1,791 கோடி ரூபாயில் 10.1 கி.மீ நீள ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.

எல்லா இடத்துக்கும் ரயில் போகாது என்பதும் உண்மை. சத்தி சாலை, திருச்சி சாலையின் பெரும்பகுதி, மருதமலை சாலை எல்லாம் தண்டவாளத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. காந்திபுரம் பேருந்து நிலையமும் எந்த ஸ்டேஷனையும் ஒட்டி இல்லை. அங்கெல்லாம் பஸ்தான் கைகொடுக்க வேண்டும்.

மதுரையில்?

மதுரை ஜங்ஷனிலிருந்து நான்கு திசைகளில் பாதை போகிறது. வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் வழியாகத் திண்டுக்கல். தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம் வழியாக விருதுநகர். கிழக்கே சிலைமான், திருப்புவனம் வழியாக மானாமதுரை. மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர். போடி பாதை அகலப்பாதையாக மாற்ற 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனி வரை 2022-இலும், போடி வரை 2023-இலும்தான் மீண்டும் ரயில் வந்தது.

முன்மொழியப்பட்ட மெட்ரோ, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை. இதில் திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை ஜங்ஷன் ஆகிய மூன்றும் ஏற்கெனவே ரயில் பாதையில் உள்ளவை. ஊருக்கு வடகிழக்கே இருக்கும் மாட்டுத்தாவணி, ஒத்தக்கடைக்குத்தான் பாதையே இல்லை. 'மெட்ரோ இல்லையென்றால் எதுவுமே இல்லை' என்ற நிலைமை தெற்குப் பக்கத்துக்கு இல்லை. வடகிழக்குப் பக்கத்துக்கு அது பெரிய இழப்புதான்.

தண்டவாளம் இருந்தும் ரயில் ஏன் இல்லை?

முதல் காரணம் பாதையின் கொள்ளளவு. மேட்டுப்பாளையம் பாதையையே எடுத்துக்கொள்வோம். அது ஒற்றைப் பாதை. கோவையிலிருந்து போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு ரயில் போய்த் திரும்பினால், முனைகளில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, சுமார் 2 மணி நேரம். ஆக, 2 மணி நேரத்துக்கு ஒரு ரயில்தான் விட முடியும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் இரண்டு ரயில்கள் ஓட வேண்டும். அவை ஒன்றையொன்று கடக்க நடுவில் குறைந்தது ஓர் இடம் வேண்டும். அரை மணிக்கு ஒன்று என்றால் 4 ரயில்களும் 3 இடங்களாவது கிராஸிங் வசதியும் தேவை. இதெல்லாம் செலவுதான். ஆனால் புதிதாக மேம்பாலப் பாதை கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இரண்டாவது காரணம் பணம். ரயில்வேக்கு லாபம் சரக்கு ரயிலில் இருக்கிறது. சீசன் டிக்கெட் பயணிகளால் வருமானம் குறைவு. கூடுதல் ரயில் ஓட்டும் நஷ்டத்தை யார் ஏற்பது என்பது தீராத கேள்வி. பெங்களூருவில் கர்நாடக அரசும் ரயில்வேயும் சேர்ந்து நடத்தும் 'கே-ரைடு' என்ற கூட்டு நிறுவனம், 148 கி.மீ புறநகர் ரயில் திட்டத்தைக் கையில் எடுத்தது. வேலை மெதுவாக நடந்தாலும், பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

மூன்றாவது காரணம், ஆளுக்கு ஒரு துறை. ரயில் மத்திய அரசிடம். பஸ் மாநில அரசிடம். நடைபாதை மாநகராட்சியிடம். எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது நகர ஊரமைப்புத் துறையிடம். கோவை ஜங்ஷன் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. இவர்கள் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் அமைப்பு சென்னைக்கு இருக்கிறது; அதன் பெயர் கும்டா. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் அதன் மூலம்தான் வந்தது.

வெளிநாட்டில் நடுத்தர நகரங்கள் என்ன செய்தன?

ஜப்பானின் டோயாமா நகரில் சுமார் 4 லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். எல்லாரும் கார் வாங்கி ஊருக்கு வெளியே குடியேற, பழைய துறைமுக ரயில் பாதையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நகர நிர்வாகம் அதை மூடவில்லை. 2006-இல் அதே பாதையை இலகு ரயிலாக மாற்றியது. அரை மணி, ஒரு மணிக்கு ஒருமுறை வந்த வண்டி பகலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியது. புது ஸ்டேஷன்கள் வந்தன, படியே இல்லாமல் ஏறும் தாழ்தளப் பெட்டிகள் வந்தன. வேலை நாட்களில் பயணிகள் எண்ணிக்கை சுமார் 2 மடங்கானது.

அதோடு நிற்கவில்லை. பாதையை ஒட்டி வீடு வாங்குவோருக்கு, கட்டுவோருக்கு மானியம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பகலில் 100 யென் கட்டணம். குச்சியில் கோத்த கொழுக்கட்டை மாதிரி ஊர் இருக்க வேண்டும் என்று இந்தத் திட்டத்தை அவர்கள் விளக்கினார்கள். ரயில் பாதைதான் குச்சி. ஸ்டேஷனைச் சுற்றிய குடியிருப்புகள் கொழுக்கட்டை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே இன்னும் சிறியது, சுமார் 3 லட்சம் பேர். அங்கே பிரதான ரயில் நிலையம் கடைவீதியிலிருந்து சுமார் 2 கி.மீ தள்ளி இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, டிராம் மாறித்தான் ஊருக்குள் போக வேண்டும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, ரயில் பாதையின் 15,000 வோல்ட் மின்சாரத்திலும் டிராமின் 750 வோல்ட் மின்சாரத்திலும் ஓடக்கூடிய ஒரே வண்டி. 1992-இல் பிரெட்டன் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட வண்டி, ரயில் தண்டவாளத்தில் வந்து, அப்படியே டிராம் தண்டவாளத்தில் ஏறிக் கடைவீதிக்குள் போனது. பயணிகள் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது.

இரண்டு ஊரிலும் பொதுவான விஷயம், புதிய பாதையைவிட அடிக்கடி வரும் வண்டிக்கும், இறங்கி மாறும் சிரமத்தைக் குறைப்பதற்கும் முன்னுரிமை கொடுத்ததுதான்.

இந்தியாவிலும் பாதையைப் பகிரும் முயற்சி இருக்கிறது. 82 கி.மீ நீள டெல்லி–மீரட் நமோ பாரத் பாதையில், அதே தண்டவாளத்தில் மீரட் நகருக்கான மெட்ரோவும் ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். மீரட்டின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 13 லட்சம்தான். தமிழ்நாட்டிலும் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் இடையே 185 கி.மீ தூரத்துக்கு இதே போன்ற அதிவேக மண்டல ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வு 2025–26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

இதில் யாருக்கு ஆபத்து?

டிஓடி-க்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஸ்டேஷன் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே நில விலை ஏறிவிடும். வீட்டுக்காரருக்கு லாபம். வாடகைக்கு இருப்பவர் வெளியேற வேண்டியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ரயிலையும் பஸ்ஸையும் அதிகம் நம்பி இருப்பவர்கள் இந்த வாடகைக்காரர்கள்தான். மில் தொழிலாளி, கட்டட வேலைக்குப் போகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண். அவர்கள் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், ஸ்டேஷன் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ரயிலில் கூட்டம் இருக்காது.

அதனால்தான் தேசிய டிஓடி கொள்கையே, இந்தப் பகுதிகளில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான வீடுகளும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடையும் பூக்கடையும் இருந்தால்தான் இரவு ஒன்பது மணிக்கு இறங்கி நடக்கும் பெண்ணுக்கும் பயம் இருக்காது.

இனி கவனிக்க வேண்டியவை என்ன?

மெட்ரோ அறிக்கை திருத்தப்பட்டு மீண்டும் டெல்லிக்குப் போகலாம். புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தால் எண்களும் மாறும். ஆனால் அனுமதி கிடைத்தாலும் முதல் ரயில் ஓடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நடக்கக்கூடியவை இவை:

• மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, திருமங்கலம், மானாமதுரை பாதைகளில் காலை, மாலை குறிப்பிட்ட இடைவெளியில் மெமு ரயில்கள்.

• ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்து புறப்படும் மினி பஸ்கள்.

• ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட்.

• கோவைக்கான 2041 மாஸ்டர் பிளான் போன்ற திட்டங்களில், ஸ்டேஷனைச் சுற்றிய பகுதிகளுக்குத் தனி விதிகள்.

• புதிதாகப் பேருந்து நிலையம் கட்டும்போது, பக்கத்தில் தண்டவாளம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது.

இவற்றில் கடைசி இரண்டும் மாநில அரசும் உள்ளாட்சிகளும் தாங்களே செய்யக்கூடியவை. மினி பஸ்ஸும் அப்படித்தான். மெமு ரயிலுக்கும் ஒரே டிக்கெட்டுக்கும் ரயில்வே மனம் வைக்க வேண்டும். அதன் நஷ்டத்தில் எவ்வளவு பங்கை மாநிலம் ஏற்கும் என்பது பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டிய விஷயம்.

இதற்குள் துடியலூரிலும் திருப்பரங்குன்றத்திலும் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள மனைகள் ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கின்றன. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் காம்பவுண்டு சுவரும் கார் பார்க்கிங்கும் எழுந்த பிறகு, அங்கே நடைபாதை போடவோ பஸ் திரும்ப இடம் விடவோ நிலம் கிடைக்காது. மெட்ரோ எப்போது வந்தாலும் காத்திருக்கும். நிலம் காத்திருக்காது.